செயின்ட் ஆப்ஸ்: ஊர் காக்கும் கடல்

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு ஓரத்தில், இங்கிலாந்து எல்லைக்குச் சற்று வடக்கே, பாறைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் சிறிய துறைமுக ஊர் செயின்ட் ஆப்ஸ். கிழக்கே வடகடல், மேற்கே ஆடு மேயும் மேட்டுநிலம். சில வரிசை வீடுகள், ஒரு தேவாலயம், கற்சுவர்களால் ஆன ஒரு துறைமுகம், அதற்குள் நண்டுப் படகுகள். இவ்வளவுதான் ஊர். உள்ளே வரும் சாலை துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் பிரிட்டனில் முக்குளிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை, வார இறுதிகளில், காற்று உருளைகளையும் தடித்த நீருடைகளையும் ஏற்றிய வண்டிகள் எடின்பரோவிலிருந்தும் நியூகாசிலிலிருந்தும் இன்னும் தெற்கிலிருந்தும் இங்கே வந்து சேர்கின்றன. கோடையில் அவர்களோடு நடைப்பயணிகளும், பறவை பார்க்க வருபவர்களும், குழந்தைகளோடு கடற்கரைக்கு வரும் குடும்பங்களும் சேர்ந்துகொள்வார்கள்.

இந்த ஊரின் தனிச்சிறப்பு கடல் அழகு மட்டுமன்று. துறைமுகத்தை நடத்துவது உள்ளூர் அறக்கட்டளை. கடலடியின் பாதுகாப்புக்கு அடித்தளம் இட்டது மீனவரும் முக்குளிப்போரும் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. ஆபத்தில் சிக்கியவரை மீட்கப் போகும் படகை வாங்கியது ஊராரும் நன்கொடையாளரும். அரசு ஆணைக்குக் காத்திராமல் தன் கடலைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகிய ஊர் என்று இதைச் சொல்லலாம். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு விடை ஊரின் பழைய வரலாற்றில் இருக்கிறது.

செயின்ட் ஆப்ஸ் என்ற பெயர் ஊருக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன் இது கோல்டிங்கம் ஷோர் என்று வழங்கப்பட்டது. கோல்டிங்கம் என்பது சற்று உள்ளே தள்ளியிருக்கும் பழைய ஊர். அதன் மீனவர்கள் கடற்கரையில் குடியிருக்கவில்லை. வலையையும் கூடைகளையும் தோளில் சுமந்து, வயல்வெளி வழியாகப் போகும் ஓர் ஒற்றையடிப் பாதையில் தினமும் கடலுக்கு நடந்தார்கள். கிரீல் பாதை என்ற பெயரோடு அந்த வழி இன்றும் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதில் நடக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் கடலோரத்தில் முதல் குடிசைகள் எழுந்தன. 1830களின் தொடக்கத்தில் துறைமுகச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. பிறகு, கலப்பு விஸ்கித் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய எடின்பரோக்காரர் ஆண்ட்ரூ அஷர் அருகிலுள்ள நார்த்ஃபீல்ட் பண்ணை நிலத்தை வாங்கினார். எடின்பரோவின் புகழ்பெற்ற இசையரங்கமான அஷர் ஹால் எழப் பணம் கொடுத்தவரும் இவரே. ஊரில் தேவாலயம் எழுந்ததும், ஊர் இன்றைய பெயரைப் பெற்றதும் அவர் காலத்தில்தான்.

பெயருக்குரிய பெண் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டில். நார்தம்பிரிய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஏபா, ஓஸ்வால்ட், ஓஸ்வியூ என்ற மன்னர்களின் சகோதரி. ஊருக்கு வடக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் முனையில் அவர் ஒரு மடத்தை நிறுவினார். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் ஒரே மடத்தில், தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அந்த மடத்துக்கு விருந்தினராக வந்த துறவி கத்பெர்ட் இரவில் கடலுக்குள் இறங்கி நின்று பிரார்த்தனை செய்ததாகவும், விடியலில் கரையேறியபோது நீர்நாய்கள் வந்து அவர் பாதங்களைத் துடைத்துச் சூடேற்றியதாகவும் வரலாற்றாசிரியர் பீட் எழுதிவைத்திருக்கிறார். ஏபா மறைந்த காலத்தை ஒட்டி மடம் தீக்கிரையானது. முனை மட்டும் அவர் பெயரைத் தாங்கி நின்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஊரும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

மீனவ ஊர் என்ற முறையில் கோல்டிங்கம் ஷோர் ஒருபோதும் பெரியதாக இருந்ததில்லை. ஹாடாக் மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில், பருவத்தில் ஹெர்ரிங் மீனுக்கு வலை, பாறை ஓரங்களில் நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூடு என்று தொழில் நடந்தது. தூண்டில் ஒவ்வொன்றிலும் மட்டிச் சதையைக் கோர்க்கும் வேலை பெண்களுடையது. ஆண்கள் கடலில் இருக்கும் நேரத்தைவிடப் பெண்கள் இரை கோர்க்கக் குந்தியிருந்த நேரம் குறைந்ததாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

1881 அக்டோபர் 14 அன்று இந்தக் கரை முழுவதையும் உலுக்கிய புயல் வந்தது. பல நாள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்த படகுகள் அன்று காலை கடல் அமைதியாகத் தோன்றியதும் கிளம்பின. நண்பகலில் வானம் இருண்டது. 189 மீனவர்கள் இறந்தார்கள். பக்கத்து ஊரான ஐமவுத் மட்டும் 129 பேரை இழந்தது. பர்ன்மவுத்தில் 24 பேர். கோல்டிங்கம் ஷோரில் மூன்று பேர். பல படகுகள் துறைமுக வாயிலிலேயே, கரையில் நின்ற மனைவி மக்களின் கண்ணெதிரே உடைந்தன. மூன்று என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். சில வரிசை வீடுகளே இருந்த ஊரில் அது சிறியதன்று. சிற்பி ஜில் வாட்சன் வார்த்த வெண்கல உருவங்கள் இன்று இந்தக் கரையோர ஊர்களில் நிற்கின்றன. அவை இறந்த மீனவர்களைக் காட்டவில்லை. கடலைப் பார்த்தபடி நிற்கும் மனைவியரையும் குழந்தைகளையும் காட்டுகின்றன. செயின்ட் ஆப்ஸில் உள்ளதும் அப்படியே.

புயலைவிட அடிக்கடி ஆளைக் கொன்றது பாறைதான். முனையை ஒட்டி நீர்மட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் நிறையப் பாறைகள் உள்ளன. எடின்பரோவின் துறைமுகமான லீத்துக்குப் போகும் கப்பல்களும், அங்கிருந்து வருபவையும் இந்த முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மூடுபனியில் வழி தவறிய கப்பல்கள் பல. 1862இல் டேவிட் ஸ்டீவன்சன், தாமஸ் ஸ்டீவன்சன் என்ற சகோதரப் பொறியாளர்கள் இங்கே ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். கலங்கரை விளக்கம் என்றால் ஏறிப் போக வேண்டிய உயர்ந்த கோபுரம் என்றுதான் நினைவுக்கு வரும். இங்கே பாறை உச்சியிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். உச்சியில் வைத்தால் தாழ்ந்து வரும் மூடுபனி விளக்கை மறைத்துவிடும் என்பதால் அதைச் சரிவில் தாழ்த்தி அமைத்தார்கள். கட்டடம் குட்டையானது, ஆனால் ஒளி கடல் மட்டத்துக்கு மேல் 60 மீட்டருக்கும் அதிக உயரத்திலிருந்து வீசுகிறது. 1876இல் ஸ்காட்லாந்தின் முதல் மூடுபனிச் சங்கு இங்கேதான் ஒலித்தது. 1993இல் விளக்கு தானியங்கியாக மாறியதும் காவலர்கள் வெளியேறினார்கள்.

விளக்கும் சங்கும் இருந்தும் 1907 அக்டோபரில் ஆல்ஃபிரட் எர்லாண்ட்சன் என்ற டேனிஷ் நீராவிக் கப்பல் ஊருக்கு எதிரே எப் கார்ஸ் பாறைகளில் மோதியது. கப்பல் கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில்தான் இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து மீட்புப் படகு வந்து சேர்வதற்குள் மாலுமிகள் அனைவரும் மாண்டுபோனார்கள். ஊரில் வசித்த ஜேன் ஹே என்ற பெண்மணி, செயின்ட் ஆப்ஸுக்கென்று தனி மீட்புப் படகு வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். 1911இல் நிலையம் திறக்கப்பட்டது. ஹெலன் ஸ்மிட்டன் என்ற படகு முதலில் வந்தது. பிரிட்டனில் கடல் மீட்புப் படகுகளைப் பெரும்பாலும் நடத்துவது அரசு அன்று; 1824இல் தொடங்கப்பட்ட ஆர்.என்.எல்.ஐ. என்ற அறநிறுவனம். பணம் நன்கொடையிலிருந்து வருகிறது. படகில் போகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் இல்லாத தன்னார்வலர்கள். அழைப்பு வந்தால் மீனவர், தச்சர், கடைக்காரர் எல்லோரும் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

இத்தனை கப்பல்களை உடைத்த பாறைதான் பின்னாளில் ஊருக்கு வாழ்வாதாரம் ஆயிற்று.

செயின்ட் ஆப்ஸ் முனை சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவானது. அதன் இருபுறமும் அதைவிடப் பழைய படிவுப் பாறைகள் மடிந்தும் நெளிந்தும் கிடக்கின்றன. மென்மையான படிவுகளைக் கடல் அரித்துவிட்டது. கெட்டியான எரிமலைப் பாறை 90 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவராக நிற்கிறது. இந்தக் கரையிலேயே வடமேற்கே சென்றால் சிக்கார் முனை வரும். 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் தன் நண்பர்களுடன் படகில் வந்து, ஒரு பாறை அடுக்கின் மேல் மற்றொன்று முற்றிலும் வேறு கோணத்தில் படிந்திருப்பதைக் கண்டு, பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளில் அடங்காது என்று வாதிட ஆதாரம் பெற்ற இடம் அது. நிலத்தில் தெரியும் சுவரும் பிளவும் குகையும் நீருக்குள்ளும் அப்படியே தொடர்கின்றன என்பதுதான் முக்குளிப்போருக்கு முக்கியம். கரையை விட்டு அதிக தூரம் போகாமலே ஆழம் கிடைக்கிறது. அருகில் பெரிய ஆறு எதுவும் சேறு கொண்டுவந்து கலப்பதில்லை. அதனால் வடகடலின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இங்கே நீர் நல்ல தெளிவு. காற்று மேற்கிலிருந்து வீசினால் நிலம் அதைத் தடுத்துவிடும்; கடல் குளம்போல் கிடக்கும். கொண்டல் எழுந்தால் கதை மாறும். கிழக்கிலிருந்து வரும் அலை நேராகப் பாறையில் அடித்து நீரைக் கலக்கிவிடும். அன்று முக்குளிப்பு இல்லை. எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவரானாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். மே மாதத்தை ஒட்டி நுண்பாசிகள் பெருகி நீர் பச்சையாக மங்குவதும் உண்டு.

நீர் குளிர்ந்தது. குளிர்கால முடிவில் 5, 6 பாகை செல்சியஸ். ஆகஸ்ட், செப்டம்பரில் 13, 14. வெப்பக் கடலில் முக்குளித்துப் பழகியவருக்கு இது மிரட்சி தரும் அளவு. உடலுக்கும் உடைக்கும் இடையே காற்றுப்படலம் தங்கும்படி தைத்த, நீர் புகாத உடை இங்கே அவசியம். ஆனால் இந்தக் குளிர்தான் செயின்ட் ஆப்ஸின் செல்வம். வட துருவத்தை ஒட்டிய குளிர்நீர் உயிரினங்களும் தெற்கிலிருந்து வரும் மிதநீர் உயிரினங்களும் இந்தக் கரையில் சந்திக்கின்றன. வேறு இடங்களில் மிக ஆழத்தில் வாழும் சில உயிர்கள் இங்கே சாதாரண முக்குளிப்போர் எட்டும் ஆழத்துக்கு ஏறி வருகின்றன.

ஓநாய் மீன் அப்படி ஒன்று. சாம்பல் நீல உடலில் கருங்கோடுகள். ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். முன்பற்கள் வாய்க்கு வெளியே துருத்தி நிற்கும். நண்டு, மட்டி, கடல்மூரை போன்றவற்றின் ஓட்டை அந்தப் பற்களால் நொறுக்கித் தின்னும். தேய்ந்த பற்கள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். குளிரில் குருதி பனிக்கட்டியாகாமல் காக்கும் புரதங்கள் அதன் உடலில் உண்டு. பார்க்க அச்சமூட்டினாலும் பாறைப் பிளவை விட்டு நகராமல் கிடக்கும் சாதுவான மீன். பிரிட்டனின் கிழக்குக் கரையில் அதை எளிதாகப் பார்க்கக்கூடிய மிகச் சில இடங்களில் செயின்ட் ஆப்ஸ் ஒன்று. அதைப்போலவே, போலோசெரா ட்யூடியே என்ற பெரிய ஆழ்கடல் சாமந்தியும் இங்கே உண்டு. அருகிலுள்ள பெரிக் நகரின் மருத்துவரும் இயற்கையியலாளருமான ஜார்ஜ் ஜான்ஸ்டன் 1832இல் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். ட்வீட் ஆற்றின் பெயரையே அதற்கு இட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் முன்னின்று தொடங்கிய பெரிக்‌ஷயர் இயற்கையியலாளர் மன்றம் இன்றும் இயங்குகிறது. முக்குளிக்கும் கருவிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மீனவர் தூண்டிலில் சிக்கி வந்த உயிரினங்களைக் கொண்டு இந்தக் கடலடியைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

முக்குளிப்போர் முதலில் கேட்கும் இடம் கதீட்ரல் பாறை. துறைமுகச் சுவருக்கு அப்பால் கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் பாறையின் ஊடே பெரிய வளைவு ஒன்று திறந்திருக்கிறது. அதற்கு மேல் சாவித் துளைபோல இன்னொரு சிறிய துளை. வளைவின் உட்புறம் முழுதும் வெள்ளையும் ஆரஞ்சுமாக மென்பவளங்களும் கடல் சாமந்திகளும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கின்றன. வெளிச்சம் எட்டும் ஆழம்வரை கெல்ப் பாசிக் காடு. அதற்குக் கீழே பாசி குறைந்து, உணவைச் சுமந்துவரும் நீரோட்டத்தை நம்பி வாழும் உயிரினங்கள் பாறையை மூடுகின்றன. இன்னும் அனுபவம் உள்ளவர்கள் படகில் ஏறி முனைக்கு அப்பால் போவார்கள். 1912இல் மூடுபனியில் பிளாக் கார்ஸ் பாறையில் மோதிய கிளான்மைர் என்ற நீராவிக் கப்பல் அங்கே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நீரோட்டம் கடுமையாக இருப்பதால், ஏற்றவற்றத்துக்கு இடையே ஓட்டம் அடங்கும் குறுகிய பொழுதில்தான் அங்கே இறங்க முடியும். எந்த நிமிடத்தில் இறங்குவது என்று படகுக்காரர் சொல்வதே முடிவு.

முக்குளிப்பு பிரிட்டனில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின். 1953இல் பிரிட்டிஷ் முக்குளிப்போர் சங்கம் தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் மன்றங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. அந்தக் காலத்து முக்குளிப்பில் வேட்டைக்குணம் அதிகம். கையில் ஈட்டி, இடுப்பில் பை. சிங்கி இறாலைப் பிடித்துக்கொண்டு போவதும், கடல்மூரை ஓட்டை நினைவுப் பொருளாக எடுத்துப்போவதும், மூழ்கிய கப்பலின் பித்தளைச் சாமான்களைக் கழற்றுவதும் தவறாகக் கருதப்படவில்லை. செயின்ட் ஆப்ஸ் மீனவர்கள் இதைக் கவலையோடு பார்த்தார்கள். சிங்கியும் நண்டும் அவர்களின் சோறு. கூடு வைத்து, காத்திருந்து, கூடு தூக்கும் தொழில் செய்பவர் கண் முன்னே, வார இறுதியில் வந்தவர் கடலுக்குள் இறங்கிக் கையாலேயே எடுத்துக்கொண்டு போனால் மனம் கசக்காமல் இருக்குமா?

இந்த உரசல் முற்றிப் பகையாக மாறியிருக்கலாம். பல ஊர்களில் அப்படித்தான் ஆனது. இங்கே இரு தரப்பும் பேசின. இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐமவுத்தைச் சேர்ந்த நீரடிப் புகைப்படக் கலைஞர் லாசன் உட் இதில் முன்நின்றவர்களில் ஒருவர். 1984இல் செயின்ட் ஆப்ஸ் – ஐமவுத் தன்னார்வக் கடல் காப்பகம் உருவாயிற்று. ஸ்காட்லாந்தில் இந்த வகையில் முதலாவது அது. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் கரையும், அங்கிருந்து 50 மீட்டர் ஆழம் வரையிலான கடலும் அதன் எல்லை. உடன்பாடு எளிமையானது: முக்குளிப்போர் உயிருள்ள எதையும் எடுக்கக் கூடாது, ஈட்டி கூடாது, கூடுகளைத் தொடக் கூடாது, பார்க்கலாம், படம் எடுக்கலாம். உள்ளூர் மீனவர் தம் மரபுப்படி கூடு வைத்து நண்டும் சிங்கியும் பிடிக்கலாம். மீறினால் அபராதம் விதிக்க அந்தக் காப்பகத்துக்கு அதிகாரம் கிடையாது. ஊரும் சக முக்குளிப்போரும் முகம் சுளிப்பார்கள்; படகுக்காரர் அடுத்த முறை ஏற்றிக்கொள்ள மாட்டார். அவ்வளவே.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதே காலத்தில் சட்டம் என்ன செய்தது என்று பார்த்தால்தான் புரியும். கடலில் இயற்கைக் காப்பகங்களை அறிவிக்க 1981இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வழி செய்தது. 1986இல் லண்டி தீவு, 1990இல் ஸ்கோமர், 1995இல் ஸ்ட்ராங்ஃபோர்ட் ஏரிமுகம் என்று மொத்தமே மூன்று காப்பகங்கள்தான் அந்த வகையில் அமைந்தன. எல்லோருடைய எதிர்ப்பையும் தாண்டி அறிவிப்பது அத்தனை கடினமாக இருந்தது. செயின்ட் ஆப்ஸ் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்கவில்லை. பின்னர் ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் இந்தக் கரையும் தெற்கே நார்தம்பர்லாந்தின் வடகரையும் சேர்த்துச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாயின. ஆனால் அதற்கு வெகு முன்பே ஊர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

தன்னார்வ வழியே எல்லா இடத்துக்கும் போதும் என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆரன் தீவு மக்கள் தங்கள் லாம்லாஷ் விரிகுடாவைக் காக்கச் சட்டத்தைத்தான் கேட்டார்கள். கடலடியைக் கிளறி இழுக்கும் வலைகளால் அங்கே வந்த அழிவை வேண்டுகோளால் நிறுத்த முடியாது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் போராடி, 2008இல் யாரும் எதையும் பிடிக்கக் கூடாத பகுதி ஒன்றைப் பெற்றார்கள். சட்டமும் மக்கள் பக்கமிருந்து எழுந்தால் நிலைக்கும் என்பதற்கு அது சான்று. இதற்கு மாறாக, ஸ்காட்லாந்துக் கடலில் பத்து விழுக்காட்டை மீன்பிடிப்பே இல்லாத பகுதியாக்கும் அரசுத் திட்டம் மேலிருந்து வந்தது. தீவுகளிலும் கடலோர ஊர்களிலும் எழுந்த கடும் எதிர்ப்பால் 2023 ஜூனில் கைவிடப்பட்டது. கடலை நம்பி வாழ்பவரைக் கேட்காமல் கடலைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் தோல்வி காட்டியது. செயின்ட் ஆப்ஸில் மீனவரும் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திருந்தார், அதுதான் வேறுபாடு.

உடன்பாட்டின் பயனை ஊர் கையிலேயே எண்ணிப் பார்க்கலாம். வெள்ளைமீன் பிடிப்பு பெரிய படகுகளோடு பெரிய துறைமுகங்களுக்குப் போய்விட்டது. செயின்ட் ஆப்ஸில் எஞ்சியவை நண்டும் சிங்கியும் பிடிக்கும் சில படகுகள். அவற்றை மட்டும் நம்பிக் கற்சுவர்களைப் பராமரிப்பது எளிதன்று. வடகடல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சுவரை அசைத்துப் பார்க்கிறது. முக்குளிப்போர் செலுத்தும் வண்டி நிறுத்தக் கட்டணமும் படகு இறக்கும் கட்டணமும் துறைமுக அறக்கட்டளைக்குப் பெரும் துணை. மீனவக் குடும்பங்கள் சிலவே முக்குளிப்போரை ஏற்றிச் செல்லும் படகுகளையும் நடத்துகின்றன. பகைவராக இருந்திருக்கக்கூடிய இருவர் ஒரே துறைமுகத்தின் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஊரின் உறுதியைப் பெரிதும் சோதித்தது 2015ஆம் ஆண்டு. கடற்கரையில் தன் நிலையங்களை மறுஆய்வு செய்த ஆர்.என்.எல்.ஐ., ஐமவுத் நிலையத்துக்குக் கூடுதலாக ஒரு விரைவுப் படகைத் தந்து செயின்ட் ஆப்ஸ் நிலையத்தை மூட முடிவு செய்தது. இரண்டு நிலையங்களும் சில கிலோமீட்டர் இடைவெளியிலேயே இருந்தன. ஓரிடத்தில் போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. ஊராரின் கணக்கு வேறாக இருந்தது. முக்குளிப்போர் கூட்டம் கூடுவது இங்கே. குளிர்நீரில் தத்தளிப்பவருக்கும், ஆழத்திலிருந்து வேகமாக மேலெழுந்து குருதியில் வாயுக்குமிழ் உண்டானவருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர். 1907இல் பக்கத்து ஊர்ப் படகுக்காகக் காத்திருந்த ஊர் அது. அந்த நினைவு மங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு பயன் தரவில்லை. செப்டம்பரில் படகு எடுத்துச் செல்லப்பட்டது. 104 ஆண்டுப் பணி முடிந்தது.

ஊர் அழுதுவிட்டு அடங்கவில்லை. தங்களுக்கென்று தனி மீட்புப் படகு வாங்க நிதி திரட்டத் தொடங்கினார்கள். முக்குளிப்பு மன்றங்களும், இங்கே ஒருமுறை விடுமுறை கழித்தவர்களும் பணம் அனுப்பினார்கள். கேரமல் தடவிய வேஃபர் பிஸ்கெட்டுக்குப் பெயர்பெற்ற, கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள உடிங்ஸ்டனில் இயங்கும் டன்னக்ஸ் என்ற குடும்ப நிறுவனம் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. 2016 செப்டம்பரில் ‘தாமஸ் டன்னக்’ என்ற பெயருடன் புதிய படகு நீரில் இறங்கியது. முன்பு ஆர்.என்.எல்.ஐ. படகில் இருந்தவர்களில் பலர் அதன் குழுவில் சேர்ந்தார்கள். கடலோரக் காவல் அமைப்பு அழைக்கும்போது இந்தப் படகும் புறப்படுகிறது, ஐமவுத்தின் ஆர்.என்.எல்.ஐ. படகோடு சேர்ந்து தேடலில் ஈடுபடுகிறது. எரிபொருளுக்கும் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவு இன்றும் நன்கொடையில்தான் நடக்கிறது. நூற்றாண்டுக்கு முன் ஜேன் ஹே கேட்டதை இம்முறை ஊர் தானே செய்துகொண்டது.

நிலத்துப் பக்கமும் காப்பகம்தான். முனை 1983இல் தேசிய இயற்கைக் காப்பகம் ஆயிற்று. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை பாறைச் சுவர்களில் கில்லிமாட், ரேசர்பில், கிட்டிவேக் பறவைகள் பல்லாயிரமாக அடைகின்றன. கில்லிமாட் கூடு கட்டுவதில்லை. வெறும் பாறைத் திட்டிலேயே ஒற்றை முட்டையிடும். பறக்கத் தெரியாத பருவத்திலேயே குஞ்சு அந்த உயரத்திலிருந்து கடலில் குதிக்கும். தந்தைப் பறவை அதை நீந்தி அழைத்துச் செல்லும். கிட்டிவேக் எனும் சிறிய கடற்காகங்களின் எண்ணிக்கை கடந்த சில பத்தாண்டுகளில் வெகுவாகச் சரிந்துவிட்டது. கடல் வெப்பமடைவதால் அவற்றின் இரையான சிறு மணல் மீன்கள் குறைவது முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022இல் பறவைக் காய்ச்சலும் வந்து தாக்கியது. ஊர் தனக்குள் செய்துகொண்ட எந்த உடன்பாடும் தடுக்க முடியாத இழப்புகள் இவை. வெளியிலிருந்து வரும் கேட்டுக்கு ஊரின் வேலி போதாது.

சுற்றுலாக் கூட்டம் கலைந்த பின், இலையுதிர்காலத்தின் முடிவில், சாம்பல் நிறக் கடல்நாய்கள் கரையேறுகின்றன. முனையின் அடிவாரத்துக் கூழாங்கல் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கின்றன. வெண்ணிற ரோமத்தோடு பிறக்கும் குட்டிக்குத் தாய் மூன்று வாரம் பால் கொடுக்கும். பிறகு விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயல் சரியாகக் குட்டி ஈனும் பருவத்தில் வந்து நூற்றுக்கணக்கான குட்டிகளைக் கொன்றது. குட்டி ஈனும் மாதங்களில் கரைக்கு இறங்க அனுமதி இல்லை. மேலே பாறை விளிம்பிலிருந்துதான் பார்க்க வேண்டும். மனிதர் நெருங்கினால் தாய் மிரண்டு ஓடிவிடும். குட்டி பசியால் சாகும்.

துறைமுகத்தை ஒட்டியே ஒரு சிறிய கடல் ஆய்வு நிலையமும் இயங்குகிறது. வடகடலில் காற்றாலைகள் பெருகிவரும் இந்தக் காலத்தில் அதற்கு முக்கியமான வேலை இருக்கிறது. காற்றாலைகளிலிருந்து கரைக்கு மின்சாரம் கொண்டுவரும் கடலடிக் கம்பிகளைச் சுற்றி மின்காந்தப் புலம் உண்டாகும். அது பழுப்பு நண்டை என்ன செய்யும் என்று ஹெரியட் வாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே சோதித்தார்கள். வலுவான புலம் உள்ள இடத்தில் நண்டுகள் இரை தேடி அலைவதை விட்டு அங்கேயே தங்கிவிடுவதை 2021இல் வெளியான அவர்களது கட்டுரை தெரிவித்தது. கூடு வைத்துப் பிழைக்கும் மீனவருக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. நண்டு நடமாடினால்தான் கூட்டுக்குள் வரும்.

வேறொரு கூட்டமும் அண்மைக் காலத்தில் வரத் தொடங்கியது. 2019இல் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ திரைப்படத்தில் தோர் வாழும் நியூ ஆஸ்கார்ட் என்ற மீனவ ஊராகக் காட்டப்பட்டது செயின்ட் ஆப்ஸ்தான். ஊரார் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எந்தக் கூட்டம் வந்தாலும் ஊர் நீளப்போவதில்லை. இடம் இல்லை. பல வீடுகள் ஏற்கெனவே விடுமுறை இல்லங்களாகிவிட்டன. குளிர்காலத்தில் விளக்கெரியாத சன்னல்கள் அதிகம். மீட்புப் படகுக்கு ஆள் வேண்டுமென்றால் ஆண்டு முழுதும் ஊரில் குடியிருப்பவர் வேண்டும். பிரிட்டனின் அழகான கடலோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் இருக்கும் சிக்கல் இது. செயின்ட் ஆப்ஸ் அதற்கு இன்னும் விடை காணவில்லை.

போக நினைப்பவருக்குச் சில செய்திகள். 2022 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்ட ரெஸ்டன் ரயில் நிலையம் அருகில் உள்ளது. அங்கிருந்து கோல்டிங்கம் வழியாகச் சாலையில் வரலாம். நீரடித் தெளிவுக்குக் கோடையின் பிற்பகுதியும் செப்டம்பரும் ஏற்றவை, பறவைகளுக்கு மே, ஜூன், கடல்நாய்களுக்கு நவம்பர். நீரில் இறங்காதவர்கள் கலங்கரை விளக்கம் வரை நடந்துவிட்டுத் திரும்பலாம். நீந்த விரும்பும் குடும்பங்களுக்குத் தெற்கே பக்கத்திலேயே கோல்டிங்கம் விரிகுடாவின் மணற்கரை இருக்கிறது. முக்குளிக்க வருபவர் படகில் முன்பதிவு செய்துகொண்டு, கிளம்பும் நாள் காலையில் காற்று எந்தத் திசை என்று துறைமுகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கிழக்குக் காற்று என்றால் வேறு நாள் பார்க்கச் சொல்வார்கள்.